புதினாத் தொட்டியும் ஐஸ்கிரீம் மெஷினும்: இரண்டு மாத அனுபவம்

மாசி பிறந்ததும் மாடியில் பத்துப் பன்னிரண்டு பைகளில் புது மண் கலவை போட்டு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை எல்லாம் விதைத்தேன். கூடவே, சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலைகளை ஆய்ந்துவிட்டு மிஞ்சிய தண்டுகளை, வெயில் நேராக விழாத மூலையில் ஒரு அகலத் தொட்டியில் ஊன்றி வைத்தேன். வெண்டை காய்க்க 45 நாள் ஆனது. புதினா அதற்குள் தொட்டியை மூடிவிட்டு வெளியே தொங்க ஆரம்பித்துவிட்டது. துவையலும் சட்னியும் எத்தனை நாளுக்கு அரைப்பது? இந்த மெஷினை வாங்கியது அப்போதுதான்.

1.5 லிட்டர் அளவு, கிண்ணத்தை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே மோட்டாரை மாட்டிச் சுற்றவிடும் வகை. வாங்குகிறவர்கள் முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரீசரின் உயரத்தை அளந்து பாருங்கள். எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் கிண்ணம் நுழையவே இல்லை, கீழ்வீட்டு அக்கா தன் ஃப்ரீசரில் இடம் கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். கிண்ணத்தின் சுவருக்குள் இருக்கும் திரவம் முழுக்க உறைய ஒரு நாள் பிடிக்கும். ஆட்டிப் பார்த்தால் சளக்கென்று சத்தம் வரக் கூடாது. இடையில் கரண்ட் போனால் இன்னும் சில மணி நேரம் சேர்த்து வையுங்கள்.

புதினா ஐஸ்கிரீமுக்கு நான் போடும் அளவு 500 மில்லி பால், 250 மில்லி கிரீம், 150 கிராம் சர்க்கரை. பாலைக் காய்ச்சி இறக்கி, இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டி, சர்க்கரையும் கிரீமும் கலந்துகொள்ளுங்கள். இலையை அரைத்து ஊற்றினால் பச்சை வாடை தூக்கலாக அடிக்கிறது, ஒரு தடவை செய்து பார்த்து விட்டுவிட்டேன். கலவையை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் ஊற்றினால், ஐந்தாறு நிமிடத்தில் சுவரோரம் மெல்லிய ஏடு படிகிறது, துடுப்பு அதை வழித்து நடுவுக்குத் தள்ளுகிறது, 25 நிமிடத்தில் மோட்டார் சத்தம் கனத்துப்போய், உள்ளே இருப்பது தோசைமாவை விடக் கெட்டியாகிவிடுகிறது. அப்போதே சாப்பிடலாம். கரண்டியில் எடுத்தால் நிற்க வேண்டும் என்றால் இன்னும் மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். நிறம் வெள்ளைதான், ஆனால் அந்த வாசனைக்கு எசன்ஸ் எதுவும் கிட்டே வராது. உடம்புக்கு நல்லதென்று சர்க்கரையை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள், கல்லாக உறைந்துவிடும்.

பன்னீர் ரோஜா இதழிலும் இதே மாதிரி செய்தேன். வீட்டுச் செடிப் பூ என்றால் மட்டும் செய்யுங்கள். பூக்கடைப் பூ மாலைக்காக வளர்த்தது, மருந்து அடித்திருப்பார்கள்.

குறை என்றால் பிளாஸ்டிக் துடுப்பு. ஆறாவது முறையே ஓரத்தில் விரிசல் விட்டது, விற்றவர்களிடம் கேட்டால் தனியாகத் தருவதில்லை என்கிறார்கள். 1.5 லிட்டர் என்று போட்டிருந்தாலும் 1 லிட்டருக்கு மேல் ஊற்ற முடியாது, காற்று சேர்ந்து பொங்கி மேலே வந்துவிடும். நாலு பேர் வீட்டுக்கு அது போதும். விருந்தாளி வந்தால் இரண்டாவது ஈடு போட மறுபடி ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

விரிசலோடேதான் இன்னும் ஓட்டுகிறேன். இமாம்பசந்து மாம்பழம் வந்ததும் அடுத்த ஈடு அதுதான்.