பழைய ஆக்டேவியாவில் புது ரேடியோ: ஒரு கடையின் வேலை

டேஷ்போர்டை நெம்பாமல், அதற்கென்றே உள்ள தகட்டுச் சாவிகளை முகப்புத் துளைகளில் ‘கிளிக்’ என்று விழும்வரை செருகி, முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவின் ரேடியோவை ஒரு கீறலும் இல்லாமல் வெளியே எடுத்தபோதே, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள இந்தச் சிறிய கடையின் மீது நம்பிக்கை வந்துவிட்டது.

இந்தக் காரில் நிரந்தர மின்சாரமும் சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரமும் கனெக்டரில் இடம் மாறி இருப்பதால், புது செட்டின் மஞ்சள், சிவப்பு ஒயர்களை மாற்றிக் கொடுக்காவிட்டால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் பதிந்துவைத்த நிலையங்கள் அழிந்துவிடும். மெக்கானிக் அதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைப்பைக் கொடுத்தார். கூரை ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தரும் அடாப்டரையும் கேட்காமலே சேர்த்ததால், எஃப்.எம். இரைச்சலின்றிக் கேட்கிறது.

ஆனால், செட்டின் நீல விளக்கு டேஷ்போர்டு மீட்டர்களின் பச்சை விளக்கோடு சற்றும் ஒட்டவில்லை. நிறம் மாற்றக்கூடிய மாடல்களைக் கடைக்காரர் முதலிலேயே காட்டியிருக்கலாம்.