மெதோட்ரெக்சேட் எடுக்கிறேன் என்றதும் திருப்பி அனுப்பாத கிளினிக்

எனக்கு முடக்கு வாதம். ஞாயிறு தோறும் மெதோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், தினமும் பிரட்னிசொலோன் 5. இரண்டும் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள். போன வருடம் ஃப்ளூ ஊசி போடப் போன வேறோர் இடத்தில், மருந்துப் பெயரைப் பார்த்ததுமே "உங்களுக்கு ஊசியே கூடாது அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். மார்கழி மழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, பத்து நாள் வாட்டில் கிடந்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இந்த முறை மகள் ஆஸ்பத்திரி வீதிப் பக்கமுள்ள சிறிய தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் முதலில் என் கிளினிக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான ரிட்டுக்ஸிமாப் ஏற்றியதுண்டா என்றும் கேட்டார். பிறகு அவர் சொன்னது எனக்கு ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. கிருமியை உயிரோடு வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற ஊசிகள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. அவர்கள் போடுகிற ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. மருந்தினால் ஊசி கொஞ்சம் குறைவாகப் பிடிக்கலாம், அதற்காகப் போடாமல் விடக் கூடாது. போட்ட பின் இரண்டு கிழமை மெதோட்ரெக்சேட்டை விட்டால் நன்றாகப் பிடிக்குமாம். "ஆனால் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, உங்கட மூட்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்றார். கேட்டேன், அவரும் சரி என்றார். பிரட்னிசொலோனை ஒரு நாளும் விடவில்லை. இரண்டாம் கிழமை காலையில் விரல்கள் விறைத்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

தாதி, பிரிட்ஜ் கதவிலிருந்த வெப்பமானியை நான் கேட்காமலே காட்டினார். 4 பாகை. 2க்கும் 8க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். காலாவதித் திகதியையும் காட்டி, தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் எழுதித் தந்தார்.

பேரனுக்குச் சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கிற ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். ஊசி நெருங்கியிருந்தது. அது உயிருள்ள கிருமி ஊசி, எனக்குத் தொற்றுமோ என்று மகளுக்குப் பயம். "தாராளமாப் போடுங்கோ, அவனுக்குச் சின்னமுத்து வந்தால்தான் அம்மம்மாவுக்கு ஆபத்து" என்றார் டொக்டர். மகளின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

குறை இரண்டு. இருமுகிறவர்களோடு ஒரே அறையில் காத்திருக்க வைத்தார்கள். சொன்னதும் உள்ளே கதிரை போட்டுத் தந்தார்கள், ஆனால் நான் சொல்லும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. மற்றது, கிளினிக் மேல்மாடியில். என் முழங்காலுக்கு அந்தப் படிகள் பெரும் வேலை.

நிமோனியா ஊசியில் முதலாவதை அன்றே மற்றக் கையில் போட்டார்கள். அடுத்ததுக்கு 8 கிழமை கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் படிக்கட்டில் ஒரு கைபிடியாவது போட்டுவிட்டால் பெரிய உதவி.