எஃப்ஐஆர் கணக்கா, நேரில் கேட்கும் கணக்கா?

மும்பையில் மாமூல் கும்பல்களை அளக்க போலீஸ் பதிவு போதுமா, வியாபாரிகளிடமே நேரில் கேட்டு எடுக்கும் சர்வே வேண்டுமா?

வழக்கு நிற்க போலீஸ் பதிவு கட்டாயம். கும்பலாகச் செய்யும் குற்றங்களை ஒடுக்க வந்த 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மோக்கா சட்டப்படி, கும்பல்மீது முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளை நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்கு இந்தப் பதிவை நம்ப முடியாது. ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணும். மிரட்டிப் பணம் பறித்து ஆளையும் கொன்றால், கணக்கில் வருவது கொலை மட்டுமே.

அப்புறம், புகாரே வராதது. தாராவி 90 அடி ரோட்டில் இட்லி விற்கும் அண்ணாச்சியிடம் யாராவது ஹஃப்தா (வார மாமூல்) கேட்டால், ஸ்டேஷனுக்கா ஓடுவார்? நாளைக்கும் அங்கேதானே கடை போட வேண்டும்! சர்வேயில் பெயர் எழுதாமல், தமிழிலேயே, "எவ்வளவு, எந்தக் கிழமை, எப்போதிலிருந்து?" என்று கேட்கலாம். "யார்?" என்று மட்டும் கேட்கக் கூடாது, வாயை மூடிக்கொள்வார்.

சர்வே கோர்ட்டில் செல்லாது, செலவும் அதிகம். சரி, இருந்தாலும் ரோந்தை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய நான் அதைத்தான் எடுப்பேன்.