கேக் வரிசைமுறை: மன்னார்குடி வீட்டில் இரண்டு ஆண்டுகள்

அதிக வேகத் திட்டத்துக்கு மாறிய பிறகும் வீடியோ அழைப்பு திணறுகிறது, நீங்கள் ரவுட்டரில் போட்டிருக்கும் கேக்கை (CAKE, இணையத் தரவை வரிசைப்படுத்தி அனுப்பும் லினக்ஸ் வசதி) நானும் போடலாமா என்று திருவாரூர் நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. இரண்டுக்கும் ஒரே இணைப்பு. முகூர்த்த நாளுக்கு மறுநாள் கல்யாணப் படங்களை ஏற்றத் தொடங்கினால், மாடியில் மகளின் இணைய வகுப்பு நின்றுவிடும். ரவுட்டரில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், ஈதர்நெட் எனும் கம்பி இணைப்பில் அனுப்பக் காத்திருக்கும் தரவுக்கு வழக்கமான வரிசை நீளம் 1,000 பாக்கெட், அதாவது 1,000 தரவுத் துண்டுகள். ஒவ்வொன்றும் 1,500 பைட் என்றால், 10 மெகாபிட் அப்லோடில் அந்த வரிசை வடிய 1.2 விநாடி ஆகும். மகளின் குரலைச் சுமக்கும் சிறு பாக்கெட்டும் அத்தனை படங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

2018இல் 4.19 கெர்னலில் சேர்ந்த கேக், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஒரு பதிவேற்றம், ஓர் அழைப்பு போன்ற தனித் தொடர்புக்கு) தனி வரிசை அமைத்து முறை வைத்து அனுப்புகிறது; தலைமடையில் எவ்வளவு பாய்ச்சினாலும் கடைமடைக்குரிய முறை தப்புவதில்லை. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேல் நீடித்தால் சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்பும் பக்கத்தை நிதானிக்கச் செய்கிறது. படங்கள் ஏறும்போது 900 மில்லி விநாடியைத் தாண்டிய பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்), கேக் போட்ட அன்றே 30க்குள் நின்றதைக் கண்டு நெகிழ்ந்தேன். ஆனால், ரவுட்டர் எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்பும் முறையைக் கணக்கில் கொள்ளச் சொல்லும் ‘நாட்’ (nat) என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் வீட்டுக் கருவிகள் அனைத்தும் அதற்கு ஒரே முகவரியாகவே தெரியும், கருவிக்குக் கருவி சமப் பங்கு கிடைக்காது. இதை அறியாமல் இரண்டு மாதங்களை வீணாக்கினேன்.

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது ஒன்றுதான்: இணைப்பின் வேகத்தை நாமே எண்ணாக எழுதித் தர வேண்டும். தரவு செல்லும் பாதையில் மிகக் குறுகிய இடம் நம் ரவுட்டராக இருந்தால்தான் வரிசை கெர்னலின் கையில் இருக்கும். அதனால் 10 மெகாபிட் இணைப்புக்கு 9 என்று எழுதியிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் இணைப்பே 6ஆகச் சுருங்கும்போது, அந்த 9 பொய்யாகி, வரிசை மோடத்துக்குள் போய்விடுகிறது. கெர்னல் தன் வரிசை காலியாக இருப்பதையே பார்த்து, எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறது. வெளியே செல்லும் பாதையின் வேகத்தைக் கேக் தானாக அளப்பதில்லை. இதற்கென்று தனி ஸ்கிரிப்டுகள் உண்டு என்றாலும், இவ்வளவு நுணுக்கமான ஒன்றில் இந்தக் குறை இருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

நண்பருடையது சிம் போட்ட ரவுட்டர். அதன் வேகம் மணிக்கொரு தரம் மாறும். ஆகவே, போட வேண்டாம் என்றே அவரிடம் சொல்லிவிட்டேன். நான் இன்று மாலையும் 9ஐ 5 ஆக்கினேன். காலையில் மறுபடி மாற்ற வேண்டும்.