தொழிலுக்கு எந்த வைரம்: அழுத்தி எடுத்ததா, வாயுவில் வளர்த்ததா?

ஆய்வக வைரம் என்றாலே பேச்சு மோதிரம், கம்மல் பக்கம் போய்விடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பட்டறையில் உழைக்கும் வைரம். அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

மூத்தது எச்.பி.எச்.டி., அதாவது உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் கொடுத்துச் செய்யும் முறை. 1954 டிசம்பரில், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செய்து காட்டியது. கிராஃபைட்டோடு இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி ஓர் உலோகத்தைச் சேர்த்து, வளிமண்டலத்தைப் போல 50,000 மடங்கு அழுத்தத்தில் 1,400 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றுவார்கள். உருகிய உலோகத்தில் கரையும் கார்பன் வைரமாகப் படியும். வைரத்தூள் வேண்டுமா, யோசிக்காமல் இதற்கே போகலாம். நிமிடக் கணக்கில் விளையும், விலையும் மலிவு. கிரானைட் அறுக்கும் பிளேடு, கிரைண்டிங் வீல், சோலார் செல்லுக்குச் சிலிக்கானைச் சீவும் கம்பி எல்லாவற்றிலும் இந்தத் தூள்தான். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் மலைபோல உற்பத்தியாகிறது. நைட்ரஜன் புகுந்து மஞ்சளாகும், உலோகத் துணுக்கும் சிக்கும். ஆனால் அறுக்கும் வேலைக்கு அதனால் பாதகமில்லை.

இரண்டாவது சி.வி.டி., அதாவது வாயுவிலிருந்து கார்பனைப் படியவைக்கும் முறை. இதில் அவ்வளவு பெரிய அழுத்தமே தேவையில்லை. நிறைய ஹைட்ரஜனோடு கொஞ்சம் மீத்தேன் கலந்து, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்கினால் (மின்னேற்றம் பெற்ற வாயுவாக்கினால்), கார்பன் அடுக்கடுக்காகப் படியும். கூடவே படியும் கிராஃபைட்டை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்து எடுத்துவிடும். இந்த வேதியியல் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வளர்ச்சி மணிக்குச் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் சுத்தம், அகலமான தகடு இரண்டும் இதில்தான் கைகூடும். நல்ல தகடு செம்பைப் போல 5 மடங்கு வெப்பம் கடத்தும். சூட்டில் தவிக்கும் லேசருக்கும் பவர் சிப்புக்கும் எவ்வளவு செலவானாலும் நான் சி.வி.டி.யையே சொல்வேன். மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் குவாண்டம் சென்சாருக்கும் அப்படித்தான்.

போட்டி என்கிறோமே தவிர, ஒற்றைப் படிகத்தை சி.வி.டி.யில் வளர்க்க ஒரு வைர விதை வேண்டும். அது பெரும்பாலும் எச்.பி.எச்.டி. கல்லிலிருந்து சீவியதாகவே இருக்கும்.

2023 பட்ஜெட்டைத் தொடர்ந்து இந்த ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு 5 ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விதையும் இயந்திரமும் இங்கேயே உருவாக வேண்டும் என்பதுதான் நோக்கம். நகைக் கல்லோடு நிற்காமல் எலெக்ட்ரானிக்ஸ் தகடு வரை அது போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்புறம், லேத்தில் எஃகு கடைபவர்களுக்கு இரண்டுமே சரிப்படாது. சூட்டில் வைரத்தின் கார்பனை இரும்பு தின்றுவிடும். அவர்கள் கியூபிக் போரான் நைட்ரைடு என்ற, மிகக் கடினமான இன்னொரு செயற்கைப் பொருளில் செய்த முனை வாங்குவதே சரி.