கிளப்பா, பள்ளி அணியா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு (சாக்கர்) எந்த வழி

உங்கள் பிள்ளை கல்லூரிப் பயிற்சியாளர் கண்ணில் பட வேண்டும் என்றால், என் வாக்கு பள்ளிக்கு வெளியே கட்டணம் கட்டி ஆடும் கிளப்புக்குத்தான். ஈசிஎன்எல் (ECNL), எம்எல்எஸ் நெக்ஸ்ட் (MLS NEXT) போன்ற இளையோர் கிளப் லீக்குகள் பல மாநில அணிகளை ஒரே வார இறுதியில் ஒரே வளாகத்தில் கூட்டுகின்றன. பயிற்சியாளர் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவார், பட்டியலில் ஜெர்சி எண்ணைத் தேடிக் குறிப்பார், அப்புறம் அடுத்த மைதானத்துக்கு நகர்ந்துவிடுவார். பள்ளி ஆட்டங்களோ பல மாநிலங்களில் இலையுதிர் காலத்தில், கல்லூரி சீசனோடு மோதுகின்றன. தன் அணியை விட்டுவிட்டு அவர் எப்படி வருவார்?

ஆனால் கிளப்பில் பணம் தண்ணீராய்ச் செலவாகும். கட்டணம், சீருடை, விமானம், ஹோட்டல் என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போய்விடும். பள்ளி அணிக்கு இதில் சிறு பங்குதான். உதவித்தொகையாகத் திரும்பி வரும் என்று தயவுசெய்து கணக்குப் போடாதீர்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ (NCAA) அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறது; அதன் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவிலும் பலருக்குக் கிடைப்பது பகுதித் தொகைதான்.

பள்ளி அணியில் வகுப்புத் தோழர்களோடு, ஊரே பார்க்க ஆடும் மகிழ்ச்சி உண்டு. ஈசிஎன்எல்லில் இருந்துகொண்டே பள்ளிக்கும் ஆடலாம். எம்எல்எஸ் நெக்ஸ்டின் மேல்தட்டுப் பிரிவு பொதுவாக அதற்கு விடாது. கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

அவசரமும் வேண்டாம். முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு, ஜூன் 15 முதல்தான் பிள்ளையோடு நேரடியாகப் பேசலாம். பதினோரு வயதில் ஊர் ஊராய்ப் பறக்க வேண்டியதில்லை. பக்கத்து கிளப்பே போதும்.