கெக் லோக் சி படிக்கட்டில் காவி உடைக்காரர் நீட்டும் நோட்டுப் புத்தகம்

சீனப் புத்தாண்டுக்குப் பினாங்கு போகிறவர்கள் ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி கோயிலை விடுவதில்லை. விடவும் வேண்டாம், இருட்டியதும் மலை முழுக்க விளக்கு எரிவதைப் பார்க்கவே போகலாம். ஆனால் மேலே ஏறும் கடைச் சந்தில் மொட்டைத் தலையும் காவி உடையுமாக யாராவது சிரித்துக்கொண்டே நெருங்கினால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வந்தவர் நேராக அம்மாவைத்தான் பிடித்தார். கேட்காமலே கையில் ஒரு மணிமாலையை மாட்டி, தங்க நிறப் புத்தர் அட்டை ஒன்றையும் திணித்தார். அம்மா கும்பிட்டு ஐந்து வெள்ளியை (ரிங்கிட்) நீட்டினார். அப்போதுதான் அந்த நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. வரிசையாகப் பெயர், நாடு, தொகை. 50, 100, 100, 200. ஐந்து வெள்ளி என்று ஒருவர்கூட எழுதவில்லை. அத்தனை நாட்டுக்காரர்களுக்கும் ஒரே கையெழுத்து! ஐம்பது வேண்டும் என்று விரலால் காட்டினார். மாலையைக் கழற்றிக் கொடுத்தால் வாங்கவில்லை, நடந்தால் கூடவே வந்தார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். அம்மா ஐம்பதைக் கொடுத்துவிட்டார். அவர் மறைந்த பிறகு பக்கத்துக் கடை சீன அம்மா மலாயில் மெதுவாகச் சொன்னார், அந்த ஆள் கோயில் ஆளே இல்லையாம். முன்னாடியே சொல்லியிருக்கலாம். சரி, அவர் பிழைப்பு அவருக்கு.

இந்தக் கோயிலின் ஏழு நிலைக் கோபுரமே அடியில் சீனம், நடுவில் தாய்லாந்து, முடியில் பர்மா பாணி. அதனால் எந்த நிறக் காவியைப் பார்த்தாலும் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. தாய்லாந்து, பர்மா மரபுத் துறவிகள் பிச்சைக்குப் போவது காலையில், அதுவும் உணவுக்காக. பணத்தைத் தொடக்கூடாது என்பது அவர்களுடைய விநய விதி, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி. மாலை ஏழு மணிக்கு நோட்டும் பேனாவுமாக நிற்பவர் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கோயிலுக்குக் கொடுக்க நினைத்தால் உள்ளே உண்டியல் இருக்கிறது. வேண்டுதல் ரிப்பன் வாங்கிப் பெயர் எழுதிக் கட்டலாம். கோயிலுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. கோபுரம் ஏறவும், கருணைத் தெய்வமான குவான் யின்னின் 30.2 மீட்டர் வெண்கலச் சிலைக்குப் போகும் லிஃப்டுக்கும் மட்டும் டிக்கெட். இதற்கெல்லாம் யாரும் உங்களைத் துரத்திக்கொண்டு வருவதில்லை.

யாராவது வழிமறித்தால் பேச்சுக் கொடுக்காமல் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். மிரட்டினால் அவசர உதவிக்கு 999. அப்புறம், காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாலையோரம் நின்று 'பார்க்கிங்' என்று கைகாட்டிப் பணம் பிடுங்கும் கூட்டம் அங்கே தனி. ரேபிட் பினாங்கு 204 பஸ் ஆயர் ஈத்தாம் வழியாகத்தான் போகிறது.